பச்சை காட்டிய கை

முதியோர் இல்லத்துத் தாதி விஜயலெட்சுமி மிஸ்ஸியிடம் யாரும் தங்கள் நோயை நேராகச் சொன்னதில்லை. வாசலில் நின்று "எப்படி இருக்கீங்க பெரியம்மா" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன் மிஸ்ஸி, எனக்கென்ன கொற" என்றுதான் பதில் வரும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வாய் அப்படிப் பழகியது. சுகமில்லை என்றால் மலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் பேர் விழாது. கூலிக் கணக்கில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். நிறுக்கும்போது கொழுந்து குறைந்தால் அரைப்பேர். வாழ்நாள் முழுக்க அதற்குப் பயந்து "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னவர்களுக்கு முதியோர் இல்லத்துக் கட்டிலில் உட்கார்ந்ததும் வேறு பதில் வருமா.

ஆகவே மிஸ்ஸி கேட்பதை விட்டுவிட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடிப்பார். வெள்ளைச் சட்டையில் தலைகீழாகக் குத்தியிருக்கும் சின்னக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். எண்ணி முடிந்த பிறகும் கையை விடமாட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து மெதுவாகக் கதை வரும். "ராவுல காலு ரெண்டும் வீங்கிக்கிது மிஸ்ஸி." "ஒண்ணுக்குப் போனா எரியுது, யார்ட்டயும் சொல்லிப்புடாதீங்க."

"கையப் பிடிச்சாத்தான் தம்பி இவங்களுக்கு வாய் தொறக்கும்" என்று என்னிடம் ஒருமுறை தொலைபேசியில் சொன்னார்.

என் மாமி கமலாம்பிகை பதுளையில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தவர். பிள்ளைகள் இல்லை. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. கடைசியில் பசறை வீதியில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். நான் கனடாவிலிருந்து கிழமைக்கொரு தடவை அழைப்பேன். தொலைபேசியில் மாமிக்குக் காது சரியாகக் கேட்காது, பாதிக் கதை மிஸ்ஸியின் வாய்வழியாகத்தான் நடக்கும். இதில் வருபவை எல்லாம் அந்த இருவரும் சொன்னவை.

மிஸ்ஸி மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவர். அப்பா அழகையாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் அடுப்பு வேலை. மழை பெய்தால் பஸ் ஏறிவராத ரோட்டிலிருந்து கீழே இறங்கி, பதுளையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்து, தாதியர் பயிற்சிக்கு எடுபட்டார். பாடம் ஒரு மொழியில், பரீட்சை ஒரு மொழியில், நோயாளியின் முனகல் இன்னொரு மொழியில். மூன்றையும் பழகி முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க வார்டுகளில் நின்றார். தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னால், சிங்கள டாக்டர்மாரிடம் அதை "இவவுக்கு உடம்புக்கு முடியவில்லை" என்றே மொழிபெயர்ப்பாராம். அதில் ஒருநாளும் பிழை வந்ததில்லை என்று சொல்லிச் சிரிப்பார். பென்ஷன் எடுத்தபோது கணவர் இல்லை, மகன் கொழும்பில். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இந்த இல்லத்துக்கு வேலைக்கு வந்தார்.

கட்டடம் ஒரு காலத்தில் தோட்டத்துத் துரையின் பங்களா. அந்த வாசல் வரைக்கும்கூட வந்திராத பெண்கள் இப்போது துரை தூங்கிய அறைகளில் மும்மூன்று பேராகப் படுத்திருந்தார்கள். மாமியின் அறையில் மற்ற இருவர் இராக்கம்மாவும் ரெங்கம்மாவும். மடுல்சீமையில் ஒரே தோட்டம், ஒரே கங்காணியின் மேற்பார்வையில், பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். இராக்கம்மாவுக்கு இதயம் பலவீனம். மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ரெங்கம்மாவுக்குக் காலில் ஒரு வளைவு இருந்தது. மற்றபடி முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிற உடம்பு.

வெளிநாட்டில் இருந்த நாங்கள் சிலர் சேர்ந்து இல்லத்தில் இருந்தவர்களுக்கு நாடி பார்க்கும் கைப்பட்டிகளை வாங்கி அனுப்பினோம். கறுப்பு றப்பர் பட்டி, உள்பக்கம் ஒரு பச்சை வெளிச்சம். கையில் கட்டிவிட்டால் நாடியையும் இரத்தத்தில் மூச்சுக்காற்றின் அளவையும் பார்த்து, தாதியர் அறையிலிருந்த டெப் என்ற தொடுதிரைக்கு அனுப்பும். டெப்பில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. பச்சை என்றால் சுகம். மஞ்சள் என்றால் போய்ப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. உறவினர் இருந்தால் அவர்களுடைய கைபேசியிலும் அந்தப் புள்ளி தெரியும். நான் கண் விழித்ததும் முதலில் மாமியின் பச்சையைப் பார்ப்பேன். பார்த்தால் நெஞ்சு ஆறும். ஆறியதால் அழைப்பதும் குறைந்தது.

பட்டி வந்த அன்று இல்லத்தின் பொறுப்பாளர் புவனேந்திரன் எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டுக் கட்டிவிட்டார். முன்னாள் கணக்கப்பிள்ளை. தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்பிய அதே குரல்.

"ராவும் பகலும் கையில இருக்கணும். கழட்டக் கூடாது. இதப் பாத்துத்தான் வெளிநாட்டுல இருக்கவங்க நம்மள வச்சுப் பாக்குறாங்க. வெளங்குச்சா?"

எல்லோருக்கும் நன்றாகவே விளங்கியது. அவர்களுக்குத் தெரிந்த முறையில் விளங்கியது. பெரட்டு நடக்கிறது, யாரோ எண்ணுகிறார்கள், அளவு குறைந்தால் பேர் இல்லை.

மிஸ்ஸிக்கு அந்த டெப் பிடிக்கவில்லை. மேசையில் குப்புறக் கவிழ்த்து வைப்பார். அப்போது கூட வேலை செய்த கலாராணி சின்னப் பெண், அதைத் திரும்பத் திரும்ப நிமிர்த்தி வைப்பாள்.

"மிஸ்ஸி, அது என்ன முதலையா, கடிச்சிருமா?"

"கடிச்சாத் தேவலையே. சும்மா மொறச்சுக்கிட்டே இருக்கு."

புவனேந்திரன் விடவில்லை. "நீங்க ஒருநாளைக்கு ஒருக்காப் பாக்குறீங்க. அது நிமிஷத்துக்கு நிமிஷம் பாக்குது மிஸ்ஸி."

"பாக்குது சேர். பேச வைக்குமா?"

"இந்த வயசுல அவங்க பேசி என்ன ஆகப்போகுது."

மிஸ்ஸி தன் வழியிலேயே போனார். கட்டில் கட்டிலாக உட்கார்ந்து, பட்டியைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு, அதன் கீழே விரலை வைத்து எண்ணினார். மற்றவர்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

அப்படி இருந்தவரை மாற்றியவர் இல்லத்தில் இருந்த கிழவர் நல்லையா. எல்லோரும் பகல் சாப்பாட்டில் இருந்த நேரம் டெப் கத்தியது. நல்லையா பெயரில் சிவப்பு. மிஸ்ஸி நம்பாமல்தான் எழுந்து தேடினார். கிழவர் கீழ்த்தோட்டத்து மரக்கறிப் பாத்தியில், வேலிக்கு அந்தப் பக்கம் முகம் குப்புற விழுந்து கிடந்தார். யாரும் அந்தப் பக்கம் போகிற நேரமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் முடிந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நல்லையா பிழைத்து, பதுளையில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

"நான் அவரத் தேடிப் போயிருக்கவே மாட்டேன் தம்பி. சாப்பிட்டுட்டுத் தூங்குறார்னு நெனச்சிருப்பேன்" என்று மிஸ்ஸி சொன்னார். அன்றிலிருந்து டெப் நிமிர்ந்தே இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கலாராணியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் படித்தார். எந்தக் கோடு நாடி, எந்தக் கோடு மூச்சு, நேற்றையதை எப்படிப் பார்ப்பது.

பிறகு கலாராணி வேலைக்காகக் கட்டார் நாட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பதிலாக ஆள் எடுக்கவில்லை. டெப் இருக்கிறதே என்றார் புவனேந்திரன். நாங்களும் இங்கிருந்து அதை ஒரு குறையாகக் கேட்கவில்லை. மிஸ்ஸிக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்தால் எழும்ப ஒரு கை வேண்டும். அறை வாசலில் நின்று, டெப்பைப் பார்த்து, "எல்லாரும் பச்சை, சந்தோஷமா இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போகத் தொடங்கினார். மஞ்சள் வந்தவரிடம் மட்டும் உட்கார்ந்தார். அதைப் பிழை என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கிடையில் அந்த வீட்டில் ஒரு பயம் பரவியிருந்தது. சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேன் வரும். வேனில் போனவர்களில் நல்லையா மகளோடு போய்விட்டார், மற்ற இருவர் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டார்கள். ஆக மொத்தம், வேனில் ஏறிய எவரும் திரும்பி வரவில்லை. வராதவர்களின் கட்டிலில் அந்தக் கிழமையே வேறு ஆள் வந்து படுத்தார். மஞ்சள் வந்தாலே இராக்கம்மா வேன் நிற்கிறதா என்று வெளியே எட்டிப் பார்ப்பாள். அவளுக்குத்தான் அடிக்கடி மஞ்சள் வந்தது.

ஒரு காலை, டெப்போடு மிஸ்ஸி வரப்போகும் நேரம், ரெங்கம்மா தன் கட்டிலிலிருந்து எழுந்து போனாள். மாமி தன் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய் இராக்கு, கையக் குடு."

"எதுக்குடி?"

"குடுன்னா குடு."

இராக்கம்மாவின் பட்டியைக் கழற்றித் தன் மற்றக் கையில் கட்டிக்கொண்டாள். இரண்டு கையிலும் பட்டி. மேலே கம்பளிச் சுவெட்டரின் கையை இழுத்துவிட்டாள்.

மாமி கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "ரெங்கம்மா, என்ன வேலையடி இது? அது அவளின்ரை நாடியைப் பாக்கிற சாமான்."

"தெரியும் டீச்சரம்மா. அவ நாடி கொஞ்சம் கொறையுது. எனக்குத்தான் கெடக்குதே. அவ கூடையில ஒரு கை போட்டா என்ன."

மடுல்சீமையில் அப்படித்தான் நடந்தது. இராக்கம்மா மாதம் நிறைந்து குனிய முடியாமல் நின்ற நாட்களில், கொழுந்து நிறுக்கப் போகுமுன் ரெங்கம்மா தன் கூடையிலிருந்து அள்ளி அவள் கூடையில் போடுவாள். ரெங்கம்மாவின் பிள்ளை செத்துப்போய் அவளால் கை ஓடாத காலத்தில் இராக்கம்மா போட்டாள். மலையில் எல்லோரும் எல்லோருக்கும் செய்வது. கங்காணி கண்டாலும் காணாதவர்போலப் போய்விடுவார். யாருடைய கொழுந்தோ, தராசுக்கு என்ன தெரியும்.

"நான் மிஸ்ஸியிட்டைச் சொல்லப்போறன்" என்றார் மாமி.

இராக்கம்மா கட்டிலை விட்டு இறங்கி வந்து மாமியின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கிற்று. "சாமி, சொல்லிப்புடாதீங்க. வேன்ல ஏத்திருவாங்க. ஏத்துனா இந்தக் கட்டிலும் போயிரும். லயத்துக் காம்பிராவும் வேற ஆளுக்குக் குடுத்தாச்சு டீச்சரம்மா. நான் எங்க வருவேன்?"

மாமி சொல்லவில்லை. இரண்டொரு நாள் விளையாட்டு, அவர்களே மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தாராம்.

அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து இராக்கம்மா பச்சை. பட்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காகக் குளிக்கும் நாளில் சேர்த்து எடுப்பார்கள். அப்போது ஆளுக்கொன்றாக நல்ல பிள்ளைகள் மாதிரி நீட்டுவார்கள். திரும்பக் கிடைத்ததும் இரண்டும் ரெங்கம்மா கைக்குப் போய்விடும். இராக்கம்மாவோ போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கொண்டு வெறுங்கையோடு படுத்திருந்தாள். கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது, அதனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வாசலில் மிஸ்ஸி நின்றால், "நல்லாத்தான் இருக்கேன் மிஸ்ஸி."

மிஸ்ஸிக்கு மனம் நிறைந்திருந்தது. புது மாத்திரை பிடித்துவிட்டது என்று என்னிடமும் சொன்னார். ஒருநாள் டெப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாராம்: "என்ன இது, இராக்கம்மா பெரியம்மாவுக்கும் ரெங்கம்மா பெரியம்மாவுக்கும் நாடி ஒண்ணாவே ஏறுது, ஒண்ணாவே எறங்குது?"

"ஒரே மலையில கொழுந்து எடுத்தவங்க மிஸ்ஸி. வேற எப்படி அடிக்கும்" என்றாள் ரெங்கம்மா.

மிஸ்ஸி மறுபடியும் சிரித்துவிட்டுப் போனார். பிற்பாடு அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் அவர் திரும்பத் திரும்பப் பேசினார். வார்டில் இருந்த காலத்தில் இப்படி இரண்டு அட்டைகளில் ஒரே எண் வந்திருந்தால், எவளோ பார்க்காமல் எழுதியிருக்கிறாள் என்று அந்த நிமிஷமே போய்க் கையைப் பிடித்திருப்பாராம்.

மழை விட்டிருந்த ஒரு காலை ரெங்கம்மா உடுப்புக் காயப்போட முற்றத்துக்குப் போயிருந்தாள். இராக்கம்மா சுவரில் சாய்ந்தபடி இருந்தாள். தேத்தண்ணி கோப்பை மடியில் சரிந்து போர்வை நனைந்திருந்ததை மாமிதான் கண்டார். கூப்பிட்டார். பதில் இல்லை. மிஸ்ஸியைக் கூப்பிட்டார்.

மிஸ்ஸி வந்து கட்டிலில் உட்கார்ந்து போர்வைக்குள் கையை விட்டுத் தேடினார். கை கிடைத்தது. பட்டி இல்லை. நாடியும் இல்லை.

பின்னால் ஓடிவந்த புவனேந்திரனின் கையில் டெப் இருந்தது. "பொறுங்க மிஸ்ஸி. பச்சைதானே காட்டுது. உயிர் இருக்கும், நல்லாப் பாருங்க."

"கை ஜில்லுன்னு இருக்கு சேர்."

"இல்ல, இங்க பாருங்க. துடிக்குது."

அவர் நீட்டிய திரையில் இராக்கம்மாவின் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ரெங்கம்மா அறை வாசலுக்கு வந்துவிட்டாள். உள்ளே பார்த்ததும் அவள் ஒப்பாரி வைத்துக்கொண்டு கட்டிலில் விழுந்தாள். திரையில் அந்தக் கோடு குதித்து மேலே ஏறியது. விழுந்து கட்டிப்பிடித்த நேரத்தில், போர்வைக்குள், தன் கையிலிருந்த இராக்கம்மாவின் பட்டியைக் கழற்றி அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். அவளுடையது அவளோடு இருக்கட்டும் என்று நினைத்தாளோ, மாட்டிக்கொள்வோம் என்று பயந்தாளோ. கோடு படுத்துவிட்டது.

"இப்பத்தான் உயிர் போயிருக்கு" என்றார் புவனேந்திரன், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

சடங்கு முடிந்த பிறகு மாமி மிஸ்ஸியைக் கூப்பிட்டு, பக்கத்தில் இருத்தி, கண்டதை எல்லாம் சொன்னார். "நான் அண்டைக்கே சொல்லியிருக்கோணும் பிள்ளை" என்றார். மிஸ்ஸி மாமியின் கையைப் பிடித்து எண்ணத் தொடங்கி, பாதியில் எண்ணிக்கை தவறி, மறுபடி தொடங்கினாராம்.

இல்லத்தை நடத்தும் சபை கூட்டம் போட்டது. திரையின் ஒரு மூலையில் நானும் இருந்தேன். பட்டி விற்றவர்கள் சோதித்துப் பார்த்து எந்தக் கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் கை ஜில்லிட்டுச் செத்துக் கிடந்த ஆளுக்கு எப்படிப் பச்சை காட்டியது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. பட்டியில் யாராவது கைவைத்தார்களா என்று ஒருவர் கேட்டார். அப்படிச் செய்த ஆள் இருந்தால் இல்லத்தில் வைத்திருக்க முடியாது என்றார் இன்னொருவர்.

மிஸ்ஸி எழுந்து நின்றார். "பட்டி எது யாருதுன்னு பாத்துக் கட்டுறது என் பொறுப்பு. மாத்திக் கட்டியிருக்கேன். கையப் பிடிச்சும் பாக்கல. என் பிழைதான் சேர்."

வயசாகிவிட்டது, புதிய முறைகளுக்குப் பழகவில்லை என்று எங்களில் ஒருவர் மெல்லச் சொன்னார். மிஸ்ஸி அதற்கும் தலையாட்டினார். மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாக அவரே சொன்னார். அவர் இடத்துக்குப் பதுளையிலிருந்து றம்ஸியா என்று ஒரு பிள்ளையை எடுத்தார்கள்.

உண்மையை மிஸ்ஸி எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்து. ரெங்கம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் இதை எழுதலாம் என்றார்.

போகும் நாளில் மிஸ்ஸி பையோடு வாசலில் பஸ்ஸுக்கு நின்றார். ரெங்கம்மா காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்தாள். மிஸ்ஸியும் உட்கார்ந்தார். பழக்கத்தில் அவள் கையை எடுத்து மணிக்கட்டில் விரலை வைத்தார். கடிகாரம் சட்டையில் இல்லை, பைக்குள் போயிருந்தது. சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ரெங்கம்மா பேசினாள். "கடைசியில அவளுக்கு ரொம்ப மூச்சு வாங்குச்சு மிஸ்ஸி. எங்கிட்ட மட்டுந்தான் சொன்னா. ஆனா ஒரு நாளும் அவளுக்கு மஞ்சள் விழ விடல நான்."

மிஸ்ஸி பையைக் காலடியில் இறக்கி வைத்தார்.

"மிஸ்ஸி."

"சொல்லுங்க."

"அன்னைக்கே வேன்ல ஏத்தியிருந்தா பொழச்சிருப்பாளா?"

விரலுக்குக் கீழே நாடி ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல பெரியம்மா. எப்படியும் போயிருப்பாங்க. நெஞ்சு தேஞ்சு போச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா."

உள்ளேயிருந்து றம்ஸியா டெப்பைத் தூக்கிக்கொண்டு அவசரமாக வந்தாள். "மிஸ்ஸி, இவங்களுக்கு மஞ்சள் காட்டுது. நாடி ரொம்ப ஓடுது. பட்டி பழுதா?"

"இல்ல பிள்ளை. சரியாத்தான் காட்டுது" என்றார் மிஸ்ஸி. "கொஞ்சம் இருங்க."

பசறையிலிருந்து வந்த பஸ் வாசலில் நின்று இரண்டு தடவை ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. மிஸ்ஸி கையை விடவில்லை. அடுத்த பஸ்ஸில் போனார்.